ஆழத்தில் களையெடுத்தவர்கள்

மூன்று வருஷமாகப் பிரிஸ்கா மச்சாது கடலுக்கு அடியில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் அவள் கை நனைந்ததில்லை. கப்பலின் நடுத்தட்டில், ஏ.சி. ஓயாமல் இரையும் சின்ன அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து, "அது, அதுக்கு இடப்பக்கம் இருக்கிற ரெண்டு, அப்புறம் அந்தக் கொத்து" என்று சொல்லுவாள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் தளவாய் கைப்பிடியை அரை அங்குலம் அசைப்பார். இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டருக்குக் கீழே, சூரியன் எட்டிப் பார்த்தே இராத இடத்தில், 'நண்டு' என்று அவர்கள் கூப்பிட்ட இயந்திரம் தன் இடுக்கியை நீட்டி ஒரு மட்டியைப் பாறையிலிருந்து பிடுங்கி வலைப்பைக்குள் போடும்.

பிடுங்கவேண்டியது மட்டி. காப்பாற்றவேண்டியது நத்தை.

இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு மலைத்தொடர் தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் அதன் முகட்டில் தரை பிளந்து வெந்நீர் பீறிட்டது. பிரிஸ்கா வேலை பார்த்த ஆய்வுக் கழகத்தில் அதற்கு 'ஊற்று ஏழு' என்று பெயர். அங்கே கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகளின் ஓட்டில் பழுப்பு ரோமம் முளைத்திருக்கும். அவற்றின் செவுளுக்குள் ஒரு நுண்ணுயிர் குடியிருந்தது. அது சுரக்கும் பொருளிலிருந்துதான் மருந்து கிடைத்தது. ஜனங்கள் அதை 'நத்தை மருந்து' என்றார்கள்.

நரம்பு தளரும் நோய் ஒன்றுக்கு உலகத்தில் இருந்த ஒரே மருந்து அது. நோய் விரல் நுனியில் ஆரம்பிக்கும். கை போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு. மருந்து போனதைத் திருப்பித் தராது. ஆனால் நோயை நின்ற இடத்தில் நிறுத்திவைக்கும். ஆய்வுக்கூடத் தொட்டியில் அந்த நுண்ணுயிரை வளர்க்க எல்லோரும் முயன்று பார்த்தார்கள். இரண்டாம் நாளே செத்துப்போனது. ஆகவே வருஷத்துக்கு நான்கு முறை கப்பல் போய் அளவாக நத்தைகளை எடுத்து வந்தது. நாலாயிரம் பேருக்கு ஊசி கிடைத்தது. கிடைக்காமல் காத்திருந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு.

தளவாயின் மனைவி ஆவுடை அந்த நாலாயிரத்தில் ஒருத்தி. அவளுக்கு நோய் என்று தெரிந்த மாதமே தளவாய் எண்ணெய்க் கிணற்று வேலையை விட்டுவிட்டு இந்தக் கப்பலுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளில் அவர் சொன்னது பிரிஸ்காவுக்கு நினைவிருந்தது. "வேற யார் கைலயும் அந்த இயந்திரத்தக் குடுக்க மனசு வரல மேடம்."

ஒரு பயணம் முடிந்து தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தபோது அவர்கள் பிரிஸ்காவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆவுடை மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு உள்ளங்கையாலும் தம்ளரை அணைத்துப் பிடித்து அவள் மோர் கொண்டுவந்து வைத்ததைப் பிரிஸ்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

"அக்கா, இவுககிட்டக் கேட்டா 'மட்டியப் புடுங்குதோம், நத்தையப் புடிக்கோம்'னு ரெண்டு வார்த்தைல முடிச்சிருதாக. நீங்க சொல்லுங்க. அந்த மட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஆவுடை.

பிரிஸ்கா சிரித்தாள். "ஒரு பாவமும் பண்ணல. பாக்கப்போனா இப்ப அதோட முறை."

"முறைன்னா?"

"தரை வெடிச்ச புதுசுல அங்க ஒண்ணுமே இருக்காது, வெறும் பாறைதான். கொஞ்ச வாரத்துல பாறை முழுக்க வெள்ளையா ஒரு படலம் படியும். அதெல்லாம் கந்தகத்தைத் தின்கிற நுண்ணுயிர். அதை மேய இறால் வரும். வெந்நீர் நல்லா வேகமா வந்து கந்தகம் கெட்டியா இருக்கும்போது நத்தை வந்து பிடிச்சுக்கும். ஆனா ஊத்து ஒரே மாதிரி இருக்காதுல்ல? வருஷம் போகப்போக வேகம் குறையும். அப்ப மட்டி வரும். அதுக்குக் கொஞ்சம் கந்தகம் இருந்தாலே போதும். வந்து வெடிப்புலயே உக்காந்துக்கும். நத்தைக்குப் போற தண்ணிய வேற பக்கம் திருப்பி விட்டுரும். நத்தை பட்டினி கெடந்து சாகும்."

"மட்டிக்குப் பெறவு?"

"ஊத்து இன்னும் தணியும். மட்டியும் போயி, கடல்சாமந்தி, கொட்டலசுன்னு வேற கூட்டம் வரும். ஒரு நாள் சூடு மொத்தமா நின்னுரும். எல்லாம் செத்துரும். ஆறிப்போன பாறைமேல மெதுவா பவளம் வளரும். அதுக்குள்ள எங்கயாவது நூறு மைல் தள்ளித் தரை வெடிச்சிருக்கும். இங்க பொறந்த நத்தைக் குஞ்சு நீரோட்டத்துல மிதந்து அங்க போய்ச் சேந்திருக்கும்."

ஆவுடை கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப நீங்க அந்த நத்தைய மூணு வருஷமா அதே வகுப்புல உக்கார வச்சிருக்கிய."

"அப்படித்தான். அது என் யோசனைதான்" என்றாள் பிரிஸ்கா. கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். களையெடுப்பு அவள் பெயரில் வந்த திட்டம். அது இல்லாவிட்டால் ஊற்று ஏழில் இந்நேரம் ஒரு நத்தைகூட இருந்திருக்காது என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறாள்.

தளவாய் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். ஆவுடை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, மருந்து முன்ன மாதிரி இல்ல. வலது கையில விரல் முழுசும் போச்சு. இப்ப இடது பெருவிரலு. பலன் இல்லன்னு ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ எழுதிட்டாக. மூணாவது தடவயும் அப்படியே எழுதினா பட்டியல்ல இருந்து பேர எடுத்துருவாகளாம். பட்டியல் விஷயத்த இவுககிட்ட நான் இன்னும் சொல்லல."

மருந்து பற்றாக்குறையாக இருந்ததால் அப்படி ஒரு விதி. பலன் காணாதவர்களை நீக்கிவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது. சில உடம்பில் நோய் மருந்தைத் தாண்டிப்போகப் பழகிவிடுகிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். பிரிஸ்காவும் அதை நம்பினாள். அதையே ஆவுடைக்கும் சொன்னாள். ஆவுடை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த பயணத்தில்தான் அது நடந்தது.

ஊற்று ஏழின் வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய எரிமலைப் பாறைப் பலகை சாய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் நண்டு நுழையாது. ஆகவே மூன்று வருஷமும் அந்த மூலையை விட்டுவிட்டார்கள். அந்தப் பயணத்தில் போய்ப் பார்த்தபோது, புகைபோக்கிபோல் நின்றிருந்த கந்தகத் தூண் ஒன்று தானாகவே இடிந்து விழுந்து பலகையைத் தள்ளியிருந்தது. விளக்கொளி முதல்முறையாக உள்ளே போனது.

"மேடம், இங்க நம்ம களையே எடுக்கல. கூட்டத்தப் பாருங்க" என்றார் தளவாய்.

முப்பது நாற்பது நத்தைகள் இருக்கும். சுற்றிலும், மேலும், இடையிலும் மட்டிகள் இறுக்கிப் பிடித்திருந்தன. நத்தைகளின் ரோமம் உதிர்ந்து ஓடு தழும்பேறியிருந்தது. எல்லாம் சாகிற நிலையில் இருப்பதாகப் பிரிஸ்காவுக்குப் பட்டது. மட்டிகளுக்கு நடுவே ஒரு நத்தை எத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், "ஆறு எடுங்க அண்ணே, தனிப் பெட்டியில" என்றாள்.

கப்பலிலேயே ஒரு சிறிய பரிசோதனைக் கருவி உண்டு. மறுநாள் காலை அந்த ஆறையும், களையெடுத்த பகுதியிலிருந்து எடுத்த கொழுத்த நத்தைகள் ஆறையும் சோதித்தாள். தழும்பேறிய நத்தைகளில் மருந்துப் பொருள் ஐந்து மடங்கு இருந்தது.

கருவியில் கோளாறு என்று நினைத்தாள். கழுவித் துடைத்து மறுபடி சோதித்தாள். பிறகு புது மாதிரி எடுத்து மூன்றாம் முறை. அப்புறம் தன் அறைக்குப் போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தாள். களையெடுப்பு ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷம் நத்தைக்கு நத்தை மருந்தின் வீரியம் எவ்வளவு இருந்தது, அப்புறம் காலாண்டுக்குக் காலாண்டு அது எப்படி இறங்கியது என்பதெல்லாம் அவள் கைப்பட எழுதியதுதான். ஊற்றுக்கு வயதாகிறது, அதனால்தான் இறங்குகிறது என்று பக்க ஓரத்தில் அவளே குறிப்பும் எழுதியிருந்தாள். ஊசி மருந்தை நத்தை எண்ணிக்கையை வைத்துத்தான் அளந்தார்கள்; இந்த இறக்கத்தை நோயாளிகளோடு சேர்த்து அவள் பார்த்ததேயில்லை. இறக்கம் தொடங்கிய மாதத்தைப் பார்த்தாள். முதல் வலைப்பை மட்டி மேலே வந்த மாதம்.

அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

கழகத்தின் இயக்குநர் பரசுராமனைச் செயற்கைக்கோள் தொலைபேசியில் பிடித்தாள். பிரிஸ்காவை வேலைக்கு எடுத்தவர் அவர். கெட்டவர் இல்லை. முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"களையெடுப்பை இன்னிக்கே நிறுத்து. புது அறுவடை முறைன்னு ஒரு அறிக்கை குடு. அடுத்த தொகுப்புல இருந்து மருந்து சரியாயிடும். அவ்வளவுதானே?"

"சார், மூணு வருஷத்துல பலன் இல்லன்னு நீக்கினவங்க முந்நூத்திப் பன்னெண்டு பேர். அவங்க உடம்புல கோளாறு இல்ல. நாம குடுத்த மருந்துலதான் சத்து இல்ல."

மறுமுனையில் கதவை மூடும் சத்தம் கேட்டது.

"பிரிஸ்கா, இதை வெளியில சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? நாலாயிரம் பேரும் மருந்தையே சந்தேகப்படுவாங்க. பாதிப் பேர் ஊசியை நிறுத்திடுவாங்க. அதுல எத்தனை பேர் போவாங்கன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"என்னாலயும் முடியாது. அதனாலதான் சொல்றேன்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நண்டை ஓட்டற உன் பைலட்டோட மனைவி பட்டியல்ல இருக்காங்க இல்ல? அவங்க பேர் போகாம நான் பார்த்துக்கறேன்."

அதை அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். பிரிஸ்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தளவாய் பின்தளத்தில் நண்டைத் தொங்கவிட்டு நல்ல தண்ணீர்க் குழாயால் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியிருந்தது. பிரிஸ்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, ஆவுடைக்கு மருந்து பிடிக்காமப் போனதுக்கு அவ உடம்பு காரணமில்ல."

குழாயை அவர் நிறுத்தவில்லை. "பெறவு?"

"நாமதான். மட்டி வந்து நெருக்கினாத்தான் நத்தைக்குள்ள இருக்கிற உயிர் அந்தப் பொருளைச் சுரக்குது. சாப்பாடு குறையுது, பக்கத்துல எதிரி வந்து உக்காந்திருக்கு. அப்பத் தன்னைக் காப்பாத்திக்கிறதுக்காகச் சுரக்குது. நாம மட்டியை எடுத்துட்டோம். அதுக்கு ஒரு கஷ்டமும் இல்லாமப் போச்சு. சுரக்கிறதை விட்டுருச்சு."

தண்ணீர் இடுக்கியின் மேல் விழுந்து தெறித்துக்கொண்டே இருந்தது.

"நீங்க சொன்னிய. நான் புடுங்கினேன்" என்றார்.

"ஆமா."

"ஒவ்வொண்ணும் அவளுக்காகன்னு நெனச்சுல்லா புடுங்கினேன்."

தளவாய் குழாயை மூடினார். சுருட்டி மாட்டினார். உள்ளே போய்விட்டார். கரை சேரும்வரை எட்டு நாள் அவர் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறு பேசவில்லை. துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தபோது வந்து, "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க மேடம். எனக்கு வாய் வராது" என்றார்.

ஆவுடையிடம் பிரிஸ்கா எல்லாவற்றையும் சொன்னாள். நத்தையை, மட்டியை, பதிவேட்டை, இயக்குநர் சொன்னதை, அவர் கொடுத்த வாக்குறுதியை. ஆவுடை மேசையில் விரித்திருந்த விடைத்தாள்களின் மேல் இடது கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தளவாய் வாசலில் முதுகைக் காட்டி நின்றார்.

"எத்தன பேர எடுத்தாக?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"இப்ப உசிரோட?"

"நேத்து விசாரிச்சேன். நூத்தித் தொண்ணூத்தி ஆறு."

"நூத்திப் பதினாறு" என்றாள் ஆவுடை. கழித்துப் பார்க்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சொன்ன பிறகுதான் அது என்ன எண்ணிக்கை என்று உறைத்ததுபோல் முகம் மாறியது.

தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"எனக்கு உங்க மேல கோவம் இருக்கு அக்கா" என்றாள் ஆவுடை. "அது போகுமான்னு தெரியல. போகாதுன்னுதான் நெனைக்கேன். இந்தக் கையப் பாக்கும்போதெல்லாம் வரும். அத மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது."

"மறைக்க வேண்டாம்."

"ஆனா அந்த ஆளு எனக்கு மட்டும் இடம் போட்டுத் தாரேன்னு சொன்னாருல்லா, அது எனக்கு வேண்டாம். அந்த நூத்தித் தொண்ணூத்தி ஆறு பேரோட வரிசைல நின்னு வாங்கிக்கிடுதேன். அவுகளுக்கு யாரு போய்ச் சொல்லப்போறா? நீங்கதான் சொல்லணும்."

சென்னையில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் பிரிஸ்கா சொன்னாள். இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள். யார் பேரையும் இழுக்கவில்லை, தன் பேரைத் தவிர. கடைசியில் ஒரு மருத்துவர் எழுந்து, "இத்தனை வருஷமா நாங்க நோயாளிங்க முகத்தைப் பார்த்து, உங்க உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டிருந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

செய்தி பரவியது. பரசுராமன் பயந்தது பொய்யில்லை. ஆத்திரத்தில் நாற்பத்து மூன்று பேர் ஊசியே வேண்டாம் என்று நிறுத்தினார்கள். பலர் திரும்பி வந்தார்கள்; ஒன்பது பேர் வரவில்லை. அந்த ஒன்பது பேரின் பெயரைப் பிரிஸ்கா எழுதி வைத்துக்கொண்டாள். நீக்கப்பட்டவர்களில் உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் பட்டியலுக்குத் திரும்பினார்கள். பிரிஸ்காவைக் கப்பலிலிருந்து இறக்கினார்கள். அவளும் எதிர்த்துப் பேசவில்லை. கரையில் மாதிரிகளைத் தரம் பிரிக்கும் ஒரு மேசை கிடைத்தது.

தளவாய் அனுப்பும் படங்களில்தான் அதன் பிறகு அவள் ஊற்று ஏழைப் பார்த்தாள். பிடுங்குவதை நிறுத்திய நாலாம் மாதத்தில் வெடிப்புகளின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன மட்டிகள், விதை தூவியதுபோல். ஒரு வருஷத்தில் பாதிப் பாறை மஞ்சள் பழுப்பாகிவிட்டது. நத்தைகள் வெந்நீரின் வாயை ஒட்டி நெருங்கி ஒதுங்கின. எண்ணிக்கை குறைந்தது, ஆனால் ஒவ்வொன்றிலும் வீரியம் ஏறியது. குறைந்த நத்தையிலேயே எல்லோருக்கும் ஊசி வந்தது. இன்னும் மூன்று வருஷம், நான்கு வருஷம். அப்புறம் அந்த இடத்தில் நத்தை இருக்காது. இந்த முறை அதை யாரும் மறைக்கவில்லை. கழகம் இப்போது முகடு நெடுகக் கடலடி நிலநடுக்கத்தைக் கேட்கும் கருவிகளை இறக்கி, அடுத்து எங்கே தரை பிளக்கிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தது. மருந்து இனிமேல் ஓரிடத்தில் நிற்காது, ஊற்று ஊற்றாக அதன் பின்னால் போகவேண்டியதுதான்.

ஆவுடைக்கு நோய் நின்றது. வலது கை வரவில்லை. இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகினாள்.

"எட்டாம் நம்பர் மட்டும் இன்னும் ஒழுங்கா வரமாட்டேங்கு" என்றாள் ஒரு நாள். அவள் கோபம் போகவில்லை. அவளே சொன்னபடி, அது அவ்வப்போது வந்தது. வந்த நாட்களில் பிரிஸ்காவின் போனை எடுக்கமாட்டாள். மற்ற நாட்களில் அவளே கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிட்ட ஒரு நாளில் கேட்டாள்: "அந்த நூத்திப் பதினாறு வீட்டுக்கும் சொல்லியாச்சா?"

"கழகத்துல இருந்து கடிதம் போயிருக்கு."

"கடுதாசியா?" என்றாள் ஆவுடை. போனை வைத்துவிட்டாள்.

பிரிஸ்கா அந்த மாதத்திலிருந்து போக ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில், கையில் ஒரு பட்டியலோடு. தளவாய் கரையில் இருக்கும்போது அவரே வண்டி ஓட்டினார். முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண் அவள் யாரென்று தெரிந்ததும் மூடிவிட்டாள். திருச்செந்தூர்ப் பக்கம் ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, கிளம்புங்க" என்றார். பாளையங்கோட்டையில் ஒரு அண்ணன், தம்பியின் சட்டைகளை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதார். அவள் எழுந்துபோகலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். எந்த வீட்டிலும் அவள் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அதைக் கேட்பதே அவர்களிடம் இன்னொன்றைப் பிடுங்குவதாகும் என்று தோன்றியது. நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பதினேழாவது வீடு சாத்தூரில். அரியநாயகம் என்பவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. இருபத்து நான்கு வயதில் போன மகள் பெயர் தாரணி. சுவரில் படம் இருந்தது. பட்டமளிப்பு விழாவில் எடுத்தது.

"இங்கிலீஷ்ல ஏதோ கவர் வந்துச்சு. மருந்துக் கழகம்னு பாத்ததும் பிரிக்காமப் பரண்ல போட்டுட்டேன்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தளவாய் உட்காராமல் நின்றார்.

பிரிஸ்கா சொன்னாள். எத்தனையோ தடவை சொல்லியும் அது இன்னும் அவளுக்குச் சுலபமாக வரவில்லை. தாரணிக்கு மருந்து பிடிக்கவில்லை என்று எழுதியது தவறு என்றும், அவளுக்குப் போட்ட ஊசியில் பாதிகூட வீரியம் இல்லை என்றும், அதற்கு யார் காரணம் என்றும். சொல்லி முடித்துவிட்டு, வருவதை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தாள்.

அரியநாயகம் கத்தவில்லை. கையில் ஒட்டியிருந்த வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. ஊசி வாராவாரம் போடணும்ல. ஒரு தடவ நாலு நாள் தள்ளிப் போட்டா? அதனால கேடு வருமா?"

"நாலு நாளா? வராது. நல்ல மருந்துன்னா பதினஞ்சு நாள் வரைக்கும் உடம்புல நிக்கும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. எதுக்குக் கேக்குறீங்க?"

உள்ளே சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினார்.

"எம் மச்சினன் கோவில்பட்டில தவறிட்டாரு. எம் பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போனா. ஊசியை எடுத்துட்டுப் போகல. ஐஸ்ல வைக்கணும்ல, அந்த எழவு வீட்டுல எங்க வைக்கிறது? நாலு நாள் கழிச்சு வந்துதான் போட்டா. அடுத்த மாசம் பிள்ளைக்கு நாக்கு குழறுச்சு. அதுக்கடுத்த மாசம் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. பிள்ள போன அன்னைக்கு நான்தான் சொன்னேன். நீதாண்டி கொன்னேன்னு. நடுவீட்டுல, அத்தன சனத்துக்கு முன்னால."

வார்னிஷைச் சுரண்டுவதை நிறுத்தினார்.

"அதுக்கப்புறம் நாங்க பேசிக்கிறது இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. சோறு வைப்பா. நான் சாப்பிடுவேன்."

பிரிஸ்கா பட்டியலை மடித்து வைத்தாள். "நான் அவங்ககிட்டயும் சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லணும்" என்றார். "இருங்க, கூப்பிடுறேன்."

எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். நிலையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார். பிரிஸ்காவைத் திரும்பிப் பார்த்தார். வரட்டுமா என்று அவள் எழுந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"விசாலம்" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"விசாலம், அது நாலு நாள் தள்ளினதால இல்லியாம். மருந்துலதான் கோளாறாம். நீ ஒண்ணும் பண்ணலியாம். நான்தான்... நான் சொன்னதுதான் தப்பு."

குழாய் மூடும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஒரு பெண் வாசலுக்கு வந்து நின்றாள். பிரிஸ்காவையோ தளவாயையோ அவள் பார்க்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"என்கிட்டயா பேசுறீக?"